கதவைப் பெயராக்கியவர்

கேள்வி: பக்கத்துப் புதுச்சேரியில் தமிழர்கள் சிலருக்கு பிரெஞ்சுப் பெயர் எப்படி வந்தது?
– வாசகி, வானூர்

பதில்: பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் 21 ஆணையால். சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், குடும்பப் பெயர் ஒன்றைப் பதிய வேண்டியிருந்தது. நம்மிடம் அப்பா பெயரின் முதலெழுத்துதானே உண்டு! பலர் பிரெஞ்சுப் பெயர் சூடினார்கள். முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. பூட்ஸ் காலோடு நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்தபோது, பாரிஸ் வரை வழக்காடி வென்ற மனிதர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்', பொருள், கதவு. இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துக்கொள்ள முடியும்? பெயருக்குப் பின்னால் ஒரு கதை நம் வீடுகளிலும் உண்டு: உங்கள் வீட்டு மயிலம்மாளுக்கும் அங்காயிக்கும் மயிலம், மேல்மலையனூர் கோயில்கள் பெயர் தந்திருக்கும். பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.