நோவும் கொத்தோவும்

ஜப்பானிய மொழி வகுப்பில் தமிழர்களுக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. வினைச்சொல் ஏன் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று பக்கத்து நாற்காலி ஆஸ்திரேலியாக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். ‘பின்னே வேறெங்கே உட்காரும்?’ என்ற முகத்தோடு நாம் பேனாவை உருட்டிக்கொண்டிருப்போம்.

‘மின்னா நோ நிஹொங்கோ’ பாடநூலின் 38-ஆம் பாடத்தில் என் மிடுக்கு உச்சத்தைத் தொட்டது. ஒரு முழு வாக்கியத்தைப் பிடித்து, அதன் வாலில் ‘நோ’ என்று ஒட்டினால் அது பெயர்ச்சொல்லாகிவிடும். ‘உத்தா ஒ கிக்கு நோ கா சுகி தெஸ்.’ உத்தா என்றால் பாட்டு. கிக்கு என்றால் கேட்கிற. நோ என்றால் அது. பாட்டுக் கேட்கிற அது, அதாவது கேட்கிறது, பிடிக்கும். சொல்லுக்குச் சொல் நம் வீட்டுத் தமிழ்! ஆஸ்திரேலியாக்காரர் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பி, உதறி, மறுபடி திருப்பிக்கொண்டிருந்தபோது நான் பயிற்சியை முடித்துவிட்டு ஜன்னல் வழியே டோக்கியோவின் நிஷி கசாய் நிலையத்து ரயிலை வேடிக்கை பார்த்தேன்.

சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஆயுளின் பிற்பகுதி முழுக்க வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் அன்றிரவே ஏற்றுக்கொண்டேன். ஆனால் அடுத்த வகுப்பில், அதே பயிற்சியைக் கொரியப் பெண்ணொருத்தி என்னைவிட வேகமாக முடித்துவிட்டுக் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தாள். துருக்கிக்காரர் ஒருவர் கொட்டாவியே விட்டார். உறவு என்றால் ஊரெல்லாம் உறவாக இருக்கிறதே என்று ஓனோவைக் கொஞ்சம் ஒத்திவைத்தேன்.

பிறகுதான் ‘கொத்தோ’ முழு வேடத்தில் வந்தது. அதுவும் வாக்கியத்தைப் பெயராக்கும் வேலையைத்தான் செய்கிறது. நம் வாய்ப்பேச்சில் ‘அது’ ஒன்றே பெரும்பாலான இடங்களில் ஓடியாடி உழைக்கும். அவர்களோ ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். மற்ற இடங்களில் ஆள் மாறினால் வாத்தியாரம்மாவின் புருவம் உயரும். குழந்தை அழுவது காதில் விழுகிறதா? நோ. அவர் வருவதற்குக் காத்திருக்கிறீர்களா? அதுவும் நோ. நீந்த முடியும் என்று சொல்ல வேண்டுமா? கொத்தோ. என் பொழுதுபோக்கு படம் எடுப்பது? கொத்தோதான். அங்கே ‘நோ தெஸ்’ என்று முடித்தால், ‘நான் படம் எடுக்கிறவளாக்கும், அதான் விஷயம்’ என்று யாருக்கோ சமாதானம் சொல்கிற தொனி வந்துவிடும். கண்ணாலும் காதாலும் நேரே பிடிப்பதற்கு நோ, புத்தியில் சேர்த்துவைப்பதற்குக் கொத்தோ என்று வாத்தியாரம்மா ஒரு சூத்திரம் சொன்னார். உதாரணத்துக்கு மாத்திரையை எடுத்துக்கொண்டார். மாத்திரை சாப்பிட மறந்துவிட்டேன் என்றால் ‘சாப்பிடுகிற நோ’வை மறந்தேன். சாப்பிட்ட விஷயத்தையே மறந்துவிட்டேன் என்றால் ‘சாப்பிட்ட கொத்தோ’வை மறந்தேன். முதல் ஆள் மாத்திரை போடவில்லை. இரண்டாவது ஆள் இரண்டு போட்டிருப்பார். இலக்கணம் இவ்வளவு நேரடியாக ரத்த அழுத்தத்தைப் பாதிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நடுவே ஒரு ஆறுதல். வெளிநாட்டவரைப் பார்த்ததும் ஜப்பானியர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, ‘நத்தோ ஒ தபேத்த கொத்தோ கா அரிமஸ் கா?’ நத்தோ என்பது நூல் நூலாக இழுபடும் புளித்த சோயாபீன்ஸ். கேள்வியின் பொருள்: நத்தோ சாப்பிட்டது உண்டா? சாப்பிட்டதுண்டு, போனதுண்டு, பார்த்ததுண்டு என்று அப்படியே நம் வாய்ப்பேச்சு. ‘நேற்றுச் சாப்பிட்டதுண்டு’ என்றால் நமக்கு உறுத்துமே, அவர்களுக்கும் உறுத்தும். ஓனோவை மறுபடி கொஞ்சம் கிட்டே கூப்பிட்டுக்கொண்டேன்.

கொத்தோவின் உண்மையான சாமர்த்தியம் அலுவலகத்தில்தான் தெரிந்தது. எங்கள் பிரிவில் ஒரு பையன் எழுந்து நின்று, குனிந்து, ‘கெக்கோன் சுரு கொத்தோ நி நரிமஷித்தா’ என்றான். கல்யாணம் செய்துகொள்கிற விஷயம் ஆகிவிட்டது என்று அர்த்தம். மழை பிடித்துக்கொண்டது என்பதுபோல் சொன்னான். ‘செய்துகொள்வதாக முடிவெடுத்தேன்’ என்று சொல்ல ‘கொத்தோ நி ஷிமஷித்தா’ என்று வேறு வடிவம் இருக்கிறது. ஆனால் தானே காதலித்து, தானே மோதிரம் வாங்கி, தானே நாள் குறித்தாலும் அறிவிக்கும்போது ‘ஆகிவிட்டது’தான் மரியாதை. வேலை மாற்றம், விலையேற்றம், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவது எல்லாம் இப்படித்தான் தாமாக ‘ஆகின்றன’. யார் ஆக்கினார்கள் என்று கேட்க வாக்கியத்தில் ஆளே இருக்காது. எனக்கு இதில் வியப்பில்லை. ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களின் வரவேற்புப் பத்திரிகையிலும் ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி’ என்று அச்சடிக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

இன்னொரு கொத்தோ சுவரில் வாழ்கிறது. அறிவிப்பின் கடைசியில் அதைப் போட்டு நிறுத்திவிட்டால் அது கட்டளை. பள்ளிக்கூடத்தில் ‘ரோக்கா ஒ ஹஷிரனாய் கொத்தோ’ என்று இருக்கும். தாழ்வாரத்தில் ஓடாதது, அவ்வளவுதான். ‘ஓடாதே’ என்று யாரும் யாரையும் அதட்டவில்லை. ஓடாதது என்றொரு விஷயம் உலகில் இருப்பதைத் தெரிவிக்கிறார்கள். பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிடுகின்றன. எங்கள் அடுக்ககத்தின் குப்பைக் கூடத்திலும் இப்படிப் பல கொத்தோக்கள்: காலை 8 மணிக்குள் வைப்பது, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு வைப்பது. முதலில் படித்தபோது எங்கோ கேட்ட குரலாக இருந்தது. யோசித்ததில் வள்ளுவர்! கள்ளுண்ணாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று குறளின் அதிகாரத் தலைப்புகள் செய்கிற காரியமும் இதுதானே. குடிக்காதே என்றில்லை, குடிக்காமை. அந்த வரிசையில் தாழ்வாரத்தில் ஓடாமையும் ஈரக்குப்பை வைக்காமையும் கச்சிதமாகப் பொருந்தும்.

இந்த உத்தியின் மீது எனக்கு அபார நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மூடாத ஊறுகாய் பாட்டில் பல காலமாக ஒரு பிரச்சினை. சண்டை போடாமல், பெயர் சொல்லாமல், தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினேன்: ‘ஊறுகாய் எடுத்ததும் பாட்டிலை மூடுவது.’

மாலையில் வந்து பார்த்தால் அதன் கீழே என் கணவரின் கையெழுத்தில் இன்னொரு வரி: ‘யார் மூடுவது?’