ரோஜாவும் கட்டமும்: மயூர் விஹார் காலை வணக்கப் படங்களில் சுவிஸ் பாணியின் வரவும் வரவேற்பும்

சங்கப் பாடல்களுக்கு உரை எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள், இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் ரோஜாவுக்கும் அதன் கீழுள்ள பொன்மொழிக்கும் உரை எழுத இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஆய்வுக்களம், கிழக்கு டெல்லியில் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றிலுள்ள ஒரு ஹவுசிங் சொசைட்டியின் தமிழ் வாட்ஸ்அப் குழு.

களத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. மயூர் விஹார்க்காரர் எவரிடமாவது விலாசம் கேட்டுப் பாருங்கள். ஃபேஸ், பாக்கெட், பிளாக், ஃப்ளாட் நம்பர் என்று கட்டத்துக்குள் கட்டமாகச் சொல்வார். 'மயூர் விஹார் பாக்கெட் 1' என்றே ஒரு மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் வைத்தார்கள். இப்படி ஊரைக் கட்டம் கட்டிய டெல்லி வளர்ச்சி ஆணையம், அதாவது டி.டி.ஏ., பிறந்தது 1957இல். அதே 1957இல்தான் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக மாக்ஸ் மீடிங்கர் வரைந்த எழுத்துரு வெளிவந்தது. 1960இல் அதற்கு ஹெல்வெடிகா என்று பெயர் மாறியது. அட்ரியன் ஃப்ருட்டிகரின் யூனிவெர்ஸ் எழுத்துருவும் அதே 1957தான். இதையெல்லாம் தற்செயல் என்று தள்ளுகிறவர்களுக்கு முனைவர் பட்டம் கிடைக்காது.

முன்னோர் ஆய்வுகளைக் குறிப்பிட்டாக வேண்டும். 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், இந்தியர்களின் போன்கள் காலை வணக்கப் படங்களால் நிரம்பித் திணறுவதை கூகுள் ஆராய்ந்து கண்டுபிடித்ததாக எழுதியது. அதற்கு முந்தைய மாதமே கூகுள், இடத்தைக் காலி செய்து தரும் ஒரு செயலியை டெல்லியிலேயே வெளியிட்டிருந்தது. யமுனையைத் தாண்டி மயூர் விஹாருக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்திருந்தால், இது இடப் பிரச்சினையே அல்ல என்று தெரிந்திருக்கும். அமெரிக்கர்கள் காபி குடிக்காமல் அறிக்கை எழுதிவிட்டார்கள்.

இனி மூல மாதிரி. எங்கள் சேகரிப்பில் உள்ள படங்களுள் முழுமையானது இது: பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா, பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை, மேல் மூலையில் இரண்டு கிளிகள், கிளிகளுக்குப் பின்னால், கிழமைக்கு ஏற்ப முருகனோ சாய்பாபாவோ பெருமாளோ. எழுத்து, மஞ்சள் விளிம்பு கட்டிய சிவப்பு. அதற்கு ஒரு கறுப்பு நிழல். 'இணிய காலை வனக்கம்' என்பது பாடம். பாடபேதம் இல்லை, எல்லாப் பிரதிகளிலும் அப்படியேதான் இருக்கிறது. அடியில் உழைப்பைப் பற்றி இரண்டு வரி. சொன்னவர் யாரென்று தெரியாத இடத்தில் அப்துல் கலாம் புன்னகைக்கிறார்.

இந்த மரபின் குறுக்கே, போன மார்கழியில், டிசைன் படிக்கும் பேரன் ஒருவன் விடுமுறைக்கு வந்து சேர்ந்தான். அவன் கொண்டுவந்த சுவிஸ் பாணி, கட்டமும் வெற்றிடமும் அலங்காரமற்ற எழுத்துமாக அமையும் அந்த வடிவமைப்பு, இந்தியாவுக்குப் புதிதல்ல. பாசலைச் சேர்ந்த ஆர்மின் ஹோஃப்மன் 1965இலேயே அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பாடம் நடத்தினார். அங்கிருந்து எங்கள் லிஃப்ட் வரை வந்து சேர அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பேரனின் கையில் இருந்த வேதம், யோசெஃப் ம்யூலர்-புரோக்மன் 1981இல் வெளியிட்ட கட்ட அமைப்பு நூல். பக்கத்தை எட்டு, இருபது, முப்பத்திரண்டு கட்டங்களாகப் பிரித்து, எழுத்தும் படமும் அந்தக் கோடுகளுக்குள் அடங்கி உட்கார வேண்டும் என்று விதிக்கும் நூல் அது. டி.டி.ஏ. ஃப்ளாட்டின் பால்கனியை மூடி ஒரு அறை தேற்றிக்கொண்ட மக்களிடம் போய் அவன் இதைச் சொன்னான்.

முதல் படம்: வெள்ளைப் பின்னணி, பதினாறு கட்டம். பன்னிரண்டு கட்டங்கள் காலி. இடது கீழ் மூலையில், இடப்பக்கம் ஒட்டி, சின்னதாகக் கறுப்பு எழுத்தில் பொன்மொழி. மேலே ஒரு சிவப்புக் கோடு. எழுத்துப் பிழை கிடையாது.

விளைவுகளை வந்த வரிசையிலேயே தருகிறேன். முதலில், "படம் பாதிதான் வந்திருக்கு. எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்றார் ஒரு மாமி. எனக்கும் எனக்கும் என்று பதில்கள் வந்தன. ஒருவர் ரவுட்டரை அணைத்துப் போட்டார். வெற்றிடமும் வடிவமைப்பின் பகுதி என்ற சித்தாந்தம் இங்கே நெட்வொர்க் கோளாறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அடுத்ததுதான் விபரீதம். கண்ணாடி போடாமல் பார்த்த ஒரு மாமா, வெள்ளையில் கறுப்பு எழுத்தைக் கண்டு "ஓம் சாந்தி" என்று போட்டுவிட்டார். அவரைத் தொடர்ந்து கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. ஐந்தாவது கைக்குப் பிறகுதான் ஒருவர், "போனது யாரு?" என்று கேட்டார்.

எழுத்தின் தரப்பையும் கேட்க வேண்டும். ஹெல்வெடிகாவுக்கு நேர்கோடு; தமிழுக்குச் சுழி. பேரன் சுவிஸ் வழக்கப்படி வரிகளை நெருக்கி வைத்தான். மேல் வரியில் 'மூ'வின் வால் இறங்க, கீழ் வரியில் 'கீ'யின் கொண்டை எழும்ப, இரண்டும் நடுவில் சிக்கிக்கொண்டன. ஒரு கட்டத்தின் அகலத்துக்குள் 'விடாமுயற்சியுடையவர்களுக்கெல்லாம்' என்ற சொல்லை இறக்க முயன்றபோது, 'களுக்கெல்லாம்' மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நின்றது. எழுத்தைச் சின்னதாக்கினால் எழுபது வயதுக்கு எட்டாது.

கட்டத்துக்குள் பிசகாமல் உட்கார்ந்தது திருக்குறள் ஒன்றுதான். முதலடி நாற்சீர், அடுத்தது முச்சீர். நாலு பத்தியில் மேலே நாலும் நிரம்ப, கீழே ஒன்று காலி. ம்யூலர்-புரோக்மன் கேட்கும் வெற்றிடத்தை வள்ளுவர் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் குறளுக்கு ஒரு பலகையே போதுமாக இருப்பதன் காரணமும் இதுவே என்பது என் துணிபு. அந்தக் குறள் படத்துக்கும் ஒரு குறை வந்தது: "அந்தக் காலி இடத்துல அர்த்தம் போட்டிருக்கலாமே!"

ஆனால் பரிசோதனையைக் கவிழ்த்தது அழகு அல்ல, நேரம். கோடுகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பேரனுக்குக் காலை பத்தாகிவிடும். குழுவில் பாதிப் பேர் தனியாக இருப்பவர்கள். பிள்ளைகள் நியூஜெர்சியிலோ பெங்களூரிலோ. ஆறு மணிக்குள் மூன்றாம் மாடி மாமாவின் ரோஜா வராவிட்டால் எதிர்வீட்டு மாமி பெல் அடித்துவிடுவார். உழைப்பைப் பற்றி கலாம் என்ன சொன்னார் என்று அங்கே யாரும் படிப்பதில்லை. படம் வந்ததா என்பதுதான் சேதி. மற்றதெல்லாம் பார்சல் காகிதம். பத்து மணிக்கு வரும் காலை வணக்கம், எவ்வளவு செவ்வையான கட்டத்தில் இருந்தாலும், வருகைப் பதிவேட்டில் ஏறாது.

முடிவில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. வெள்ளை போய் இளமஞ்சள் வந்தது. பதினாறில் நான்கு கட்டம் ரோஜாவுக்கு; கிளிகளுக்கு ஒன்று. வாரத்துக்கான படங்களை ஞாயிற்றுக்கிழமையே செய்து தாத்தாவிடம் கொடுத்துவிட வேண்டும். எழுத்தை நடுவில் போடும் விஷயத்தில் மட்டும் பேரன் மசியவில்லை. அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் ஷிஹோல்ட் 1928இலேயே தன் நூலில் நடுவில் நிறுத்தும் பழக்கத்தை ஒழித்துக்கட்டிவிட்டார் என்றான்.

இங்கே ஆய்வாளர் நடுநிலை தவறிக் குறுக்கிட நேர்ந்தது. அதே ஷிஹோல்ட் பின்னால் தன் கொள்கையைத் தானே கைவிட்டவர். அதற்காக 1946இல் சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் அவரைக் கண்டித்து எழுத, இவர் பதில் எழுத, பெரிய சண்டையே நடந்தது. மறு ஆண்டு இங்கிலாந்துக்குப் போய் பெங்குவின் புத்தகங்களுக்குப் பொறுப்பேற்றபோது, தலைப்புகளை நடுவிலேதான் நிறுத்தினார். 1902இல் பிறந்தவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து.

அந்தப் 'பாதிப் படம்' மாமி கணக்கைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, "அவருக்கு நாப்பத்தஞ்சுலயாவது புத்தி வந்துடுத்து. நீ அதுவரைக்கும் எங்களைக் காக்க வைக்காதே, நடுவுல போடு" என்றார்.