இழுக்காத சிம்னியும் இருமிய வாத்தியாரும்

முப்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். லேபில் கெட்ட வாயுவை இழுத்து வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் முன்னால் நின்று செய்த உபதேசம் கொஞ்சநஞ்சமல்ல. "கண்ணாடிக் கதவை ஒன்றரை அடிக்கு மேல் தூக்காதே! தலையை உள்ளே நீட்டாதே! பாட்டிலை விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி வை!" வீட்டில்தான் என் பாடத்தைக் கேட்க ஆளில்லை.

சமையலறைக்குச் சிம்னி வாங்கப் போனபோது கடைக்காரப் பையன் அகப்பட்டான். "ஃப்யூம் ஹுட்டுக்கு ஒன்றரை மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் திறப்பு, வினாடிக்கு அரை மீட்டர் காற்று. பெருக்கினால் மணிக்குச் சுமார் 1,200 கன மீட்டர்" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பாவம், தலையாட்டினான். அதே 1,200 என்று எழுதியிருந்த சிம்னியோடு வீடு திரும்பினேன்.

முதல் நாளே சாம்பார்பொடிக்கு மிளகாய் வறுபட்டது. சிம்னி விமானம் கிளம்புகிற மாதிரி உறுமியது. நெடியோ ஹாலைக் கடந்து, வாசலைக் கடந்து, மாடி வீட்டுக்காரரைக் கீழே இறக்கிவிட்டது. "என்ன சார், லேபை வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா?" என்று தும்மினார்.

"சத்தம் வருதே, வேலை செய்யுது சார்" என்றேன். சொன்ன வாயை அடைத்தது ஒரு பழைய ஞாபகம்.

இப்படித்தான் ஒருமுறை, மோட்டார் சத்தத்தை நம்பி கல்லூரி ஃப்யூம் ஹுட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்கும் கிப்ஸ் அப்பரேட்டஸை வைத்து, அழுகிய முட்டை நாற்றத்தில் வகுப்பு நடத்தினேன். அந்த வாயுவுக்கு ஒரு கெட்ட குணம்: அளவு கூடினால் மூக்கையே மரக்கவைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். நல்ல வேளை, அட்டெண்டர் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். "மோட்டார் ஓடுது சார். பெல்ட்தான் அறுந்து கிடக்கு!" பிறகு டிஷ்யூ பேப்பரை நாடாவாகக் கிழித்துக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டினார். "இது உள்பக்கம் சாயணும் சார். சாயலேன்னா சத்தத்தை நம்பாதீங்க."

அதே நாடாவைச் சிம்னி விளிம்பில் ஒட்டினேன். அது ஹால் பக்கம் பார்த்து வாலாட்டியது. ஃபில்டரைக் கழற்றினேன், புத்தம் புதுசு. வெளியே குழாய் வாயைப் பார்த்தேன். புறா கூடு கட்டவில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதக் காகிதத்தைத் தேடினேன்.

"ஏங்க, அத்தனை ஜன்னலையும் சாத்திட்டு, ஹால் ஃபேனை அஞ்சுல வெச்சா, அது எங்கேருந்து காத்தை இழுக்கும்?" என்றாள் மனைவி.

சாத்தியவன் நானேதான். குறுக்குக் காற்று ஆகாது என்பது என் பாடம். வினாடிக்கு அரை மீட்டர் என்பது பூப்போன்ற இழுப்பு. நாம் நடப்பதே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகம். ஒருவர் குறுக்கே போனாலே கலைந்துவிடும். எல்லாம் சரி. ஆனால் 1,200 கன மீட்டர் வெளியே போக வேண்டுமானால் 1,200 உள்ளே வர வேண்டாமா? ஜன்னலைச் சாத்தியவன் தலைக்கு மேலேயே ஃபேனைச் சுழலவிட்டதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

அவள் ஃபேனை நிறுத்தினாள். அடுப்பருகே உள்ள ஜன்னலைத் தொடாமல், கோடியில் இருந்த படுக்கையறை ஜன்னலைத் திறந்தாள். நாடா படக்கென்று சிம்னி பக்கம் சாய்ந்தது.

"பார்த்தியா, இதைத்தான் விஞ்ஞானத்தில்..." என்று சமையலறை வாசலை அடைத்து நின்று ஆரம்பித்தேன்.

நாடா மெல்லத் தொங்கியது.

"கொஞ்சம் நகருங்க" என்றாள். "காத்து வரணும்."