குட்டி யானைக்கு முதல் எண்ணெய்

கேள்வி: புதிதாக ஒரு ‘குட்டி யானை’ மினி லாரி எடுத்து மீன் லோடு அடிக்கிறேன். முதல் ஆயிலை நானே மாற்றலாமா?
– ஒரு வாசகர், குலசேகரன்பட்டினம்

பதில்: மாற்றலாம். ஆனால் முதலில் வாரன்டி புத்தகத்தைப் படியுங்கள். கம்பெனியின் இலவச சர்வீஸைத் தவறவிட்டால், பிறகு எஞ்சின் கோளாறுக்கு உரிமை கேட்பது சிரமம். முதல் முறை கம்பெனி சர்வீஸிலேயே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, அடுத்ததைக் கையில் எடுங்கள் என்பேன்.

உங்கள் ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் ஒரு தடவை பறந்தால் போதும். உங்கள் வண்டியோ ஐஸ் உருகுமுன் தினமும் சந்தை சேர வேண்டும்! புது எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் உரசிப் பழகும்போது உதிரும் உலோகத்தூள் முதல் ஆயிலில்தான் சேரும். அதனால் அதை மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள். இளகி அழுக்கோடு வரும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஃபில்டரும் வாஷரும் புதிது போடுங்கள். ஆயில் இறக்கும் போல்ட்டை வடம் இழுக்கிற வேகத்தில் முறுக்கினால் மரை கழன்றுவிடும். அப்புறம் ஆயில் சொட்டுவதைப் பார்த்து நமக்கும் கழன்றுவிடும்.

பழைய ஆயிலைத் தேரி மணலில் மட்டும் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மணலுக்கு அடியில்தான் உங்கள் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. உடன்குடிப் பனைகளும் அதைத்தான் குடிக்கின்றன. கேனில் மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.