மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள்

ஆண்டு விழாவில் "நானும் இதே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்" என்று முன்னாள் மாணவர் ஒருவர் தொடங்கியதுமே பின்வரிசை கைப்பேசியை எடுத்துவிடும். உத்திரமேரூரில் பஸ் ஏறி, காஞ்சிபுரம் வரை நின்றுகொண்டே போய்ப் படிக்கிற பையனுக்கு அமெரிக்காவில் வீடு வாங்கிய கதை எந்த மூலைக்கு?

அப்படி ஒருவன் தனக்கான முன்னோடியைத் தானே பிடித்துவிட்டான்: கணிதமேதை ராமானுஜன். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். 1907இல் மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார். கணக்கைத் தவிர மற்ற பாடங்கள் காலை வாரின. 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. தேறாமல் போனவர்தான் இன்று அந்தக் கல்லூரிக்குப் பெருமை.

"ராமானுஜனுக்கே அரியர் இருந்துச்சும்மா."

"அவரு கணக்குலயாவது பாஸாமேடா. உனக்கு அதுவும்தானே போச்சு?"

அம்மா சொல்வதும் நியாயம்தான்.

விழாவுக்கு யாரை அழைப்பது என்பதற்கு எங்கள் உத்திரமேரூரிலேயே வழி இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. ஊர்ச்சபை வாரிய உறுப்பினருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாமல் விட்டவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இல்லை. சிறப்பு விருந்தினரையும் இப்படியே குடத்தில் ஓலை போட்டு எடுக்கலாம். நான் சேர்ப்பது ஒரே விதி: பழைய மதிப்பெண் பட்டியலைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதைக் காட்டாதவருக்குப் பொன்னாடை உண்டு, மைக் கிடையாது.