யானையோடு தகராறு, குரங்கோடு விருந்து

ஈப்போவிலிருந்து வடக்கே காரில் போகிறவர்களுக்குப் பாரிட் புந்தார் ஓர் ஊர் என்பதைவிட ஓர் அறிவிப்பு. பேராக் முடிந்தது என்று அர்த்தம். கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபால், அது பினாங்கு. கூப்பிடு தூரத்தில் பண்டார் பாரு, அது கெடா. இங்கே ஒருவர் பலமாகத் தும்மினால் மூன்று மாநிலமும் 'நூறு' சொல்லலாம்.

வண்டியை ஓரங்கட்டி ஒரு தே தாரேக் சொல்லுங்கள். பக்கத்து மேசைக்காரர் நிச்சயம் கேட்பார்: "எங்க போறீங்க?" பினாங்கு என்றால், "தைப்பூசத்துக்கா, கல்யாணத்துக்கா?" கல்யாணம் என்றால், "யாரு வீட்டு கல்யாணம்?" கிளாஸ் காலியாவதற்குள் அவர் உங்களுக்கு மாமா முறையாகியிருப்பார்.

இந்தத் தொல்லையே இல்லாமல் பேராக்கைச் சுற்றிப் பார்த்த ஒரு மகாராசி இருந்தார். இசபெல்லா பேர்ட். 1831-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், பாதிரியார் மகள். வீட்டில் இருந்தால் முதுகுவலி, தூக்கமின்மை, படுத்த படுக்கை. கப்பல் ஏறிவிட்டால் ஒரு வலியும் கிடையாது. 1873-ல் அமெரிக்காவின் ராக்கி மலைப் பனியில் குதிரையில் திரிந்தார். ஊர் திரும்பினார், வலியும் திரும்பிவிட்டது. நம் கிளினிக்கில் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அரை நாள் எம்.சி. கூடக் கிடைக்காது.

1879 பிப்ரவரியில் அம்மையார் பினாங்கிலிருந்து பேராக்குக்குக் கிளம்பினார். எந்த வழி? கடல் வழி, நீராவிப் படகில், தைப்பிங் இருக்கும் லாருட்டுக்கு. பாரிட் புந்தார் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஊரைப் பார்க்காமல் பைபாஸில் பறக்கும் நாகரிகம் ஹைவே வந்த பிறகு பிறந்தது என்று யார் சொன்னது?

தைப்பிங்கிலிருந்து கோலகங்சாருக்கு யானை ஏற்பாடாகியிருந்தது. யானை என்றதும் அம்மையார் மனதில் பட்டு விரித்த அம்பாரி, ஜரிகை, மணியோசை. வந்து நின்றதோ முதுகின் இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்ட, அவலட்சணமான ஓர் உருவம். அந்தக் கூடைக்குள்தான் உட்கார வேண்டும். ஆன்லைனில் ரிசார்ட் படம் பார்த்து ரூம் புக் பண்ணி, நேரில் போய்க் கதவைத் திறந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

வழியில் பாகன் இறங்கி ஒரு தம் போடப் போய்விட்டான். யானை தன் இஷ்டத்துக்குப் பாதையை விட்டு விலகிக் கிளை முறித்துத் தின்னத் தொடங்கியது. பிறகு வெயிலுக்கு இதமாகத் தும்பிக்கையால் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சித் தன் மேலேயே பீய்ச்சிக்கொண்டது. மேலே இருக்கும் சீமாட்டியும் நனைவாரே என்ற கவலை அதற்கு இல்லை. முதுகில் இருப்பது பிரபல எழுத்தாளர் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பேராக் யானைகள் பொதுவாகவே யாருக்கும் சலாம் போடுகிற ரகம் இல்லை. 1894 செப்டம்பர் 17-ல் தெலுக் இந்தான் ரயில் பாதையில் ஒரு காட்டு யானை, ஓடி வந்த ரயிலையே முட்டித் தடம் புரட்டியது. யானை செத்தது. மோதிய இடத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. ரயில் ஓட்டியவருக்கு?

கோலகங்சார் வந்து சேர்ந்த அம்மையாரைப் பிரிட்டிஷ் ரெசிடண்ட் ஹியூ லோவின் மாளிகை வரவேற்றது. லோ ஊரில் இல்லை. ஆனால் மேசையில் மூன்று பேருக்குத் தட்டு வைத்திருந்தார்கள். மற்ற இருவர் யாரோ, கவர்னரோ சுல்தானோ என்று அம்மையார் காத்திருக்க, பணியாளர்கள் பவ்வியமாக அழைத்து வந்தது இரண்டு குரங்குகளை! பெரியது மஹ்மூத், சின்னது எப்லிஸ். கறியும் பழமும் பீங்கான் தட்டில் பரிமாறப்பட்டன. இனி இப்படி ஒரு விருந்தை அனுபவிப்பேனா என்று பிறகு உருகி எழுதினார். எழுதமாட்டாரா? அந்த மேசையில் யாரும் "யாரு வீட்டு கல்யாணம்?" என்று கேட்கவில்லையே!

லோவையும் குறை சொல்ல முடியாது. பேராக்கின் முதல் ரெசிடண்ட் பர்ச்சை 1875-ல் பாசிர் சாலாக்கில் குத்திக் கொன்றிருந்தார்கள். அந்த நாற்காலிக்கு வந்தவர், சாப்பாட்டு மேசைக்குக் குரங்குகள் போதும் என்று நினைத்திருந்தால் அது விவேகம்.

லோவின் அதிர்ஷ்டமே அதிர்ஷ்டம். 1851-ல் சபாவின் கினபாலு மலையேறினார். உச்சிச் சிகரத்தை மட்டும் தொடவில்லை, அங்கே சிறகு உள்ளவைதான் போக முடியும் என்று விட்டுவிட்டார். அந்தச் சிகரத்துக்குத்தான் இன்றும் லோ சிகரம் என்று பெயர். ஏறாத சிகரத்துக்கே பெயர் கிடைத்தவருக்குக் கோலகங்சாரில் 1877 வாக்கில் நட்ட ரப்பர் கன்றுகள் பலிக்காதா? பலித்தன. பின்னாளில் பால் மரம் சீவ நம் தாத்தா பாட்டிகள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். துரை நட்டது செடி, பிரட்டுக்கு எழுந்தது நாம்.

அம்மையார் நம்மவர்களையும் பார்த்தார். தமிழ்ப் பெண்களின் நடையையும் உடையையும் மெச்சி எழுதினார். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. குரங்குகளின் பெயர் இரண்டும் கிடைத்திருக்கின்றன.

1883-ல் புத்தகம் வந்தது: 'தி கோல்டன் கெர்சனீஸ்'. பொன் தீபகற்பமாம். மலாயாவில் ஓர் அதிகாரியின் மனைவியாகக் கொசுக்கடியிலும் கோழிக்கறியிலும் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்திய எமிலி இன்னஸுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். 1885-ல் அவரும் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பு, 'பொன் முலாம் நீங்கிய கெர்சனீஸ்'! பேர்ட் சொன்னதும் நிஜம், நான் சொல்வதும் நிஜம் என்றார். அவர் பிரபலம், அதிகாரிகள் ஓடி ஓடிக் கவனித்தார்கள், எனக்கு யார் இருந்தார்கள் என்பது சாரம். மூக்குடைப்பதிலும் இவ்வளவு மரியாதை!

1892-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது பேர்ட் அதில் ஒருவர். துணிச்சலில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 'தனியாகப் போனார்' என்கிற புகழ்மாலையில்தான் கொஞ்சம் பூ உதிர்கிறது. படகு ஓட்டியவர், தம் அடித்த பாகன், பரிமாறிய சமையலறை, கடிதம் எழுதிவைத்த அதிகாரிகள் எல்லாரையும் கூட்டினால் ஒரு பஸ் நிறையும். புத்தகத்தில் இன்றைக்கும் ரசிக்கிற பக்கங்கள் எவை? யானையும் குரங்கும் வருகிறவை. வழித்துணைகள்தான் கதை. மிச்சமெல்லாம் மைல்கல்.

ஆகவே, அடுத்த முறை வடக்கே போகிறவர்கள் 'சோலோ டிரிப்' என்று ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால் பாரிட் புந்தாரில் கொஞ்சம் இறங்குங்கள். பக்கத்து மேசைக்காரர் கேட்டால் பதில் சொல்லுங்கள், அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இசபெல்லா அம்மையார் செய்ய மறந்தது அது ஒன்றுதான்.