ஒரு சைதாப்பேட்டை பாஸ் பண்ணுங்க

சென்னையில் டவுன் பஸ் ஏறி இறங்க எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால், தமிழ் மீடியத்தில் படித்த அத்தனை பேருக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

என் அக்கா மகள் வெளிநாட்டுப் படிப்புக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாள். அவளுடைய புத்தகத்தில் போக்குவரத்துக்கென்று ஒரு பாடம். கம்யூட்டர், பெடஸ்ட்ரியன், கன்ஜெஷன் என்று பக்கம் பக்கமாகச் சொற்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் எந்த பஸ்ஸிலும் கேட்டதில்லை. கன்ஜெஷன் என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் காலை மிதித்துவிடுவார். பாடத்தில் வருகிற பயணி வரிசையில் நிற்கிறார், பஸ் வந்ததும் ஏறுகிறார், டிரைவருக்கு குட் மார்னிங் சொல்கிறார், ஜன்னலோரம் உட்காருகிறார். "இதைப் படிச்சிட்டு 29சி-ல ஏறினா என்னடி ஆகும்?" என்று கேட்டேன். "நான் ஸ்கூட்டிலதான மாமா போறேன்" என்றாள்.

ஸ்கூட்டிக்காரர்களுக்கு இந்த மொழி வராது. முதல் சொல்லிலேயே தடுக்கிவிடும். டிக்கெட் என்றால் ஏதோ கிழித்துக் கொடுக்கிற காகிதம் என்று நினைப்பார்கள். கண்டக்டருக்கு டிக்கெட் என்பது நாம்தான். "முன்னாடி நாலு டிக்கெட் எறங்கணும், இருப்பா!" "படியில தொங்குற டிக்கெட்டெல்லாம் மேல ஏறி வா!" டாக்டரும் ஒரு டிக்கெட்தான், கட்டடத் தொழிலாளியும் ஒரு டிக்கெட்தான், இவ்வளவு சமத்துவத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. காலமானவரைப் பற்றிக்கூட 'டிக்கெட் வாங்கிட்டார்' என்றுதான் சொல்கிறோம். அந்த ஒரு பயணத்துக்குத்தான் யாரும் சில்லறை கேட்பதில்லை.

அடுத்தது 'பாஸ்'. வெளியூர்களில் கண்டக்டர் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு வந்து டிக்கெட் தருவார். சென்னையில் பல வண்டிகளில் அவர் பின்வாசலை ஒட்டிய தன் சீட்டை விட்டு அசைய மாட்டார். பணம்தான் அவரைத் தேடிப் போகும். முன்வாசலில் ஏறியவர் பக்கத்துத் தோளைத் தட்டி, "ஒரு சைதாப்பேட்டை பாஸ் பண்ணுங்க" என்பார். அங்கே அரை கிரவுண்டு என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்கூடப் பத்து ரூபாயை நீட்டி ஒரு சைதாப்பேட்டை கேட்பார்.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க ஆயிரம் முறை யோசிக்கிற ஊர் இது. அதே ஊர் நூறு ரூபாய் நோட்டை முன்பின் தெரியாத பத்துப் பேர் கையில் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக ஜவுளிக்கடை போர்டைப் படித்துக்கொண்டு வருகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் வந்த வழியே வந்து சேரும். இதில் பாவப்பட்டவர் நடுவில் நிற்பவர்தான். ஐம்பதுக்கு ஒரு கிண்டி, நூறுக்கு இரண்டு நந்தனம், சரியான சில்லறையில் ஒரு தேனாம்பேட்டை என்று மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் அவர் உள்ளங்கைக்கு வரும். ஒரு கை கம்பியில், மறு கையில் பிறர் சொத்து, மூக்கு அரிக்கிறது. அந்த நிலையிலும் "நந்தனம் ரெண்டு, மீதி யாருதுப்பா?" என்று குரல் கொடுப்பார். வணிகவியல் பட்டதாரிகள் இரண்டு மாதம் அங்கே நின்று பழகலாம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் நிற்பவரை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

வண்டி நகர 'ரைட்', நிற்க 'ஹோல்டான்'. வாய் வலித்தால் விசில்: ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. 'ரைட், ரைட்' என்று கண்டக்டர் கத்தக் கத்த வண்டி இடது பக்கம் திரும்பும். அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் கிடையாது. லண்டன் கண்டக்டர்கள் 'ஹோல்ட் டைட்' என்பார்கள். அது பயணிக்குச் சொல்வது, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று. அங்கே 2005 டிசம்பரில் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றபோது கண்டக்டர்களும் இறங்கிவிட்டார்கள். நம்முடைய ஹோல்டான் டிரைவருக்குச் சொல்வது. பயணி பிடித்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.

இவ்வளவும் ஏறிய பிறகு. ஏறுவதற்கு முன்பே படிக்க வேண்டியது போர்டு. நம்பரை மட்டும் பார்த்து ஓடி ஏறி மூச்சு வாங்கும்போது, "இது கட்டு, கிண்டியோட சரி" என்பார் கண்டக்டர். நம்பருக்குப் பக்கத்தில் கட் என்று போட்டிருந்தால் பாதி வழிதான். எக்ஸ்டென்ஷன் என்றால் வழக்கமான கடைசி நிறுத்தத்தையும் தாண்டிப் போகும். கட்டில் ஏறியவர் நடுவழியில் இறங்குவார், எக்ஸ்டென்ஷனில் தூங்கியவர் ஊர் தாண்டி விழிப்பார். 2021 மே மாதத்திலிருந்து ஒயிட் போர்டு எனப்படும் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் இந்தப் படிப்பு இன்னும் கூர்மையாகிவிட்டது. கண் டாக்டரின் அட்டையில் மூன்றாவது வரிசையைத் தாண்டாத என் பெரியம்மா, சிக்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பஸ் ஒயிட் போர்டா டீலக்ஸா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். "டீலக்ஸ்டா, அது கெடக்கட்டும்" என்று அதை அனுப்பிவைக்கிற தோரணை இருக்கிறதே, தனக்கென்று நாலு கார் வைத்திருப்பவருக்குத்தான் அது வரும்.

நிறுத்தங்களின் பெயர்கள் தனிப் பாடம். அண்ணா சாலையில் போனால் எல்.ஐ.சி., டி.வி.எஸ்., டி.எம்.எஸ்., எஸ்.ஐ.இ.டி. என்று கண்டக்டர் எழுத்துகளாகவே கூவிக்கொண்டு வருவார். மன்னார்குடியிலிருந்து வந்த என் சித்தப்பா டி.எம்.எஸ். வந்ததும், பாட்டுக்காரருக்கு நல்ல மரியாதை செய்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனார். அது மருத்துவப் பணிகள் இயக்குநரகம் என்று சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. எழுத்துகள் சொல்கிற ஆபீஸ் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று. சி.ஐ.டி. நகர் என்றால் துப்பறியும் போலீஸ் குடியிருப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1961-ல் வீட்டுவசதி வாரியம் வந்ததும் டிரஸ்ட் மறைந்தது, நகர் இருக்கிறது. 1996-ல் மெட்ராஸ் சென்னையானபோது எம்.எம்.டி.ஏ. என்ற ஆபீஸ் சி.எம்.டி.ஏ. ஆனது, அரும்பாக்கத்து எம்.எம்.டி.ஏ. காலனிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஜெமினி ஸ்டுடியோ போன பிறகும் 1973-ல் கட்டிய மேம்பாலம் ஜெமினிதான். அரசாங்கம் அதற்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ கூப்பிட்டால் டிரைவர் நம்மை வெளியூர் என்று முடிவுகட்டி ஐம்பது ரூபாய் ஏற்றுவார்.

அதே சித்தப்பா கடல் பார்க்க ஆசைப்பட்டு, யாரையும் கேட்காமல் மின்சார ரயிலில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினார். 1931-லிருந்து மின்சார ரயில் வந்து நிற்கிற இடம். எதிரே துறைமுகம். ஈரக்காற்று அடிக்கும், கப்பலின் சங்கு கேட்கும், கடல் மட்டும் தெரியாது. மெரினாவுக்குப் போக வேண்டியவர் பறக்கும் ரயிலைப் பிடித்து சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்க வேண்டும். இந்த இரண்டு பெயர்களிலும் பீச் கிடையாது. சித்தப்பா ஸ்டேஷன் வாசலில் ஒரு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்து, கடல் நன்றாக இருந்தது என்று வீட்டில் சொன்னார்.

ஆட்டோவுக்கு வந்தால் ஒரே ஒரு சொல் போதும்: மீட்டர். 2013 ஆகஸ்டில் அரசு கட்டணம் வகுத்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12. இந்த எண்களைப் பாராமல் ஒப்பிக்கிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற குரலில் ஒப்பிப்பார்கள். போன வாரம் ஒருவரை நிறுத்தி, மயிலாப்பூருக்கு மீட்டர் போடுவீர்களா என்று கேட்டேன்.

"போட்டா போச்சு, ஏறு சார். மீட்டருக்கு மேல அறுபது குட்த்துரு."

"அறுபதா? அப்ப மீட்டர் எதுக்குங்க?"

"இன்னா சார், நீதான கேட்ட!"